சுடுநாய்

அன்பு மகளுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌகரியமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே தினமும் என் நினைப்பு. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், போன இரண்டு மாதமாகப் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டும் இருக்கிறேன், ஆனால் காகிதத்தில் எழுதப் போனால் கை வரமாட்டேன் என்கிறது. அதனால் நான் சுகம் என்று மட்டும் எழுதுகிறேன். முட்டிவலி எப்போதும் போல. அம்மாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாதே பாப்பா, அம்மா இருக்கிறாள், பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், தூங்குகிறாள், இன்றைக்கு நான் சொல்வது நிஜமான தூக்கம். நீ உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படிக்காதே.

போன மாதத்துக்கு முந்தின மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால் இரண்டும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. கால் இப்போது கொஞ்சம் தேவலை, பிடித்துக்கொண்டால் நாற்காலி வரைக்கும் வருகிறாள், பேச்சுதான் வரவில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் அம்மா தூங்குகிறாள், அம்மா குளிக்கிறாள், அம்மா மாடி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது அத்தனையும் பொய். நீ வாங்கி அனுப்பிய, முகம் தெரிகிற போன் ரிப்பேர் என்று சொன்னதும் பொய்தான், அதை அணைத்து ஒரு துண்டில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன், அவள் வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதை நீ பார்த்துவிடக் கூடாது என்று. மூன்றாவது வாரம் நீ கேட்டாய், அம்மாவுக்கு இன்னும் என் மேலே கோபமாப்பா என்று. அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். அவ குணம்தான் உனக்குத் தெரியுமே, கொஞ்ச நாள் போகட்டும் என்றேன். கோபத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தால் நீ அழுவாய், ஆனால் வேலையை விட்டுவிட்டு ஓடிவர மாட்டாய், அங்கேயே தங்குவதற்கான உன் காகிதங்கள் கைக்கு வர இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, நடுவில் கிளம்பினால் எல்லாம் முதலிலிருந்து என்று நீதானே சொல்லியிருந்தாய். அப்படி யோசித்துத்தான் உன் அம்மாவைக் கோபக்காரி ஆக்கினேன். அவளுக்கு உன் மேல் கோபமே இல்லை. போன தடவை நீ வந்தபோது இருபது நாள் லீவை ஒன்பது நாளாகக் குறைத்துக்கொண்டு கிளம்பினாயே, அப்போது வாசலில் நின்று 'விருந்தாளி மாதிரி வர்றதுக்கு வராமலே இருக்கலாம்' என்று சொன்னாள் இல்லையா, சொன்ன அன்றைக்கே அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உடம்புக்கு வருவதற்கு நாலு நாள் முன்னால்கூட வெங்காயம் நறுக்கிக்கொண்டே, 'அன்னைக்கு ஒரு வார்த்தை அதிகமாப் போயிடுச்சுங்க, ஞாயித்துக்கிழமை பேசும்போது அவகிட்ட சொல்லிடணும்' என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏதோ அவசரம், இரண்டு நிமிஷத்தில் வைத்துவிட்டாய், அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் விட்டுவிட்டாள். உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே.

குற்றம் சொல்வதென்றால் என்னைத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பஸ் டெப்போவில் ரிட்டையர் ஆகி மாலை போட்டு அனுப்பிவைத்த பிறகும் சும்மா உட்காரப் பிடிக்காமல் காலையில் டயர் கடைக்குப் போகிறேனே, அதற்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா காபி கொண்டுவந்தாள், டம்ளர் கையிலிருந்து நழுவி என் சட்டையில் கொட்டியது. கையில எலும்பு இல்லையா உனக்கு என்று கத்தினேன். அவள் பதிலுக்கு ஏதோ சொன்னாள், நாக்குக் குழறியது, தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டு வேறு சட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் சமையலறைக் கதவுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடக்கிறாள். கண் திறந்திருந்தது. ஐந்து மணி நேரம் அப்படிக் கிடந்திருக்கிறாள். முப்பது வருஷம் பஸ் டயரைத் தட்டிப் பார்த்தே உள்ளே காற்று எவ்வளவு என்று சொன்னவன் நான், வீட்டில் இருக்கிறவளுக்கு என்ன ஆகிறது என்று தெரியவில்லை. எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார், காலையில் என்று மட்டும் சொன்னேன், சட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து பதினோராம் நாள் முதல்முதலாக வாய் திறந்தாள். வந்தது ஒரே வார்த்தை. சிரித்தால் சிரி, அந்த வார்த்தை சுடுநாய். நாக்குப் புரளாததால் சுடு என்பது தனியாகவும் நாய் என்பது தனியாகவும், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வரும், கேட்கிறவர்களுக்குத் திட்டுவது போலவே இருக்கும். தண்ணீர் கொடுத்தாலும் அதுதான், தலையணையைச் சரி செய்தாலும் அதுதான். பகலில் பார்த்துக்கொள்ள வந்த நர்சம்மா நாலு நாள் பொறுத்தாள், ஐந்தாம் நாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, 'நோயாளிங்க திட்டறதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தாங்க, ஆனா நாயின்னு சொன்னா மட்டும் மனசு ஆறமாட்டேங்குது' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மாடி வீட்டுத் தையற்காரர் பார்க்க வந்தார், அவரையும் விடவில்லை. அவர் பாவம், அம்மாவுக்கு நாய் என்றால் பயம் போலிருக்கிறது, படுத்த இடத்தில் குரைப்புச் சத்தம் கேட்டு மிரள்கிறாள் என்று முடிவு கட்டி, இரண்டு நாள் துணி அளக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இருக்கிற நாயையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை, என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷத்தில் மரியாதைக் குறைவாக என்னை ஒரு சொல் சொன்னதில்லை, ஏங்க உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா என்று வாங்க போங்க போட்டுத்தான் சண்டையே போடுவாள். அப்படிப்பட்டவள் மிச்சமிருக்கிற ஒரே வார்த்தையில் நாய் என்கிறாள் என்றால் அது அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான். சொல்லட்டும் என்று இருந்தேன். அவள் சொல்லும்போதெல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன், அவள் இன்னும் வேகமாகச் சொல்வாள், நான் இன்னும் வேகமாகத் தலையாட்டுவேன். இப்படியே மூன்று வாரம் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் இரண்டு தடவை ஒரு பெண் வருகிறாள், பேச்சு வரவழைப்பதுதான் அவள் வேலை, நான் பேச்சு டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறேன், உன்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். அவள்தான் ஒருநாள் என்னை உட்காரவைத்து, 'அங்கிள், இந்த மாதிரி ஆனவங்களுக்குச் சில சமயம் ஒரே ஒரு வார்த்தை வாயில மாட்டிக்கும், மனசுல வேற என்னென்னவோ இருக்கும், வெளியே அது மட்டும்தான் வரும், திட்டறாங்கன்னு எடுத்துக்காதீங்க, உங்க வீட்டுக்குள்ள மட்டும் புழங்கற வார்த்தை எதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க' என்றாள். எனக்குத் தெரிந்து அப்படி ஒன்றும் இல்லையம்மா என்றேன். அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பேக்கரிக் கண்ணாடியில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தார்கள், நீளமான பன், நடுவில் சாசேஜ், மேலே கடுகு சாஸ், கீழே ஹாட் டாக் என்று கொட்டை எழுத்து. படித்துவிட்டு நாலடி நடந்தேன். திரும்ப வந்து இன்னொரு தடவை படித்தேன். நீ இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் பார்க்கிற எல்லாவற்றுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்கிற பைத்தியத்தில் இருந்தபோது, ஹாட் என்றால் சுடு, டாக் என்றால் நாய், அப்படியென்றால் அம்மா செய்கிறது சுடுநாய் என்று தீர்ப்புச் சொன்னாயே. அன்றிலிருந்து இந்த வீட்டில் அதற்கு அதுதான் பெயர். வெளியே சொல்லித் தொலைக்காதீர்கள், எந்த நாயைப் பிடித்துச் சுட்டீர்கள் என்று கேட்பார்கள் என்று உங்கள் இருவரையும் அதட்டினவன் நான். அதட்டினவனுக்கே மறந்துபோயிருக்கிறது பார். பேக்கரி வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன், போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டியதாயிற்று. அவள் என்னை நாய் என்று சொல்லவில்லை. மூன்று வாரமாக வாய்க்கு ருசியாக ஒன்று கேட்டிருக்கிறாள், நான் தலையாட்டிக்கொண்டே உப்பில்லாத சூப்பை ஊட்டியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கே பன்னும் சாசேஜும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் அப்பன் சமையல் உனக்குத் தெரியும், வெந்நீர் வைத்தால் அடிப்பிடிக்கும். முதல் தடவை சாசேஜை அப்படியே எண்ணெயில் போட்டேன். ஒவ்வொன்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் தோல் இருக்கும், அதை உரித்துவிட்டுப் போட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள். புகை கிளம்பியது, கருகுகிற வாசனை எனக்குத் தெரியாததா, வாணலியோடு தூக்கிக்கொண்டு போய் வெளியே வைத்தேன். தையற்காரர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, 'என்ன சார், வீட்லயே பஞ்சர் கடை போட்டுட்டீங்களா' என்றார். இரண்டாவது தடவை தோலை உரித்துவிட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட்டேன், தீ அதிகமாகி ஒவ்வொன்றும் வெடித்து வாயைப் பிளந்துகொண்டது, சாரமெல்லாம் தண்ணீரில் போய்ச் சக்கைதான் மிச்சம். அப்புறம்தான் அம்மாவை மெதுவாக நடத்திக்கொண்டுவந்து சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். தியேட்டர் கேண்டீனில் நின்ற காலத்தில் அவள் கற்றுக்கொண்ட வேலை, ஒரு நாளைக்கு நூறு போட்டவள், அவள் பார்த்துக்கொண்டிருந்தால் தப்பு வராது. இடது கையால் ஒவ்வொன்றாகக் காட்டினாள். கத்தியைக் காட்டி விரலால் இரண்டு கோடு போட்டாள், சாசேஜில் மேலாகக் கீற வேண்டும், அப்போதுதான் வெடிக்காது. உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாள், தீயைக் குறை என்று அர்த்தம். வாணலியில் ஒரு விரற்கடை தண்ணீர், அது வற்றின பிறகு துளி வெண்ணெய், உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் சிவக்கவிட வேண்டும். பன்னை நான் இரண்டாக வெட்டப் போனேன், அவள் நாற்காலிக் கையைப் பட்டென்று தட்டினாள், முழுக்க வெட்டக் கூடாதாம், புத்தகம் மாதிரி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், பிறகு சூட்டில் கவிழ்த்து மூடி போட்டு அரை நிமிஷம். வாயில் அந்த ஒரு வார்த்தைதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு குரலில் சொன்னாள், மடையா என்றும் இருந்தது, அப்படித்தான் என்றும் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சமைத்தது முப்பத்தாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

விழுங்குவதில் கவனம் வேண்டும் என்று பேச்சு டீச்சர் எச்சரித்திருந்தாள், அதனால் சாசேஜின் மேல்தோலைச் சீவிவிட்டுப் பட்டாணியைவிடச் சின்னதாக நறுக்கி, பன்னைத் தக்காளி சாஸில் ஊறவைத்து ஸ்பூனால் கொடுத்தேன். சாப்பிட்டாள். அத்தனையும் சாப்பிட்டாள், நல்லா இருக்கிற பாதி வாயால் சிரித்தாள், எனக்கு என்னவோ லாட்டரி விழுந்த மாதிரி இருந்தது. அதிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான். ஆனால் நாலாம் நாள் பாதி சாப்பிட்டாள், ஆறாம் நாள் இரண்டு வாய், அப்புறம் தட்டைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டுத் திரும்பவும் சுடுநாய் என்றாள். கடுகு சாஸ் மாற்றினேன், வேறு கடை பன் வாங்கினேன், வெங்காயத்தை வதக்கிப் போட்டேன். எது செய்தாலும் தட்டைத் தள்ளுவாள், ஜன்னலைப் பார்ப்பாள், சொல்வாள். பதினோராம் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது, அதான் முன்னாடி வெச்சிருக்கேனே, இன்னும் என்னதான் வேணும் உனக்கு என்று கத்திவிட்டேன். ஒரு தடவை கத்தினது போதாதென்று இரண்டாவது தடவையும் கத்தினவன் நான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், முதுகு குலுங்கியது, நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கு மறுநாள் போன ஞாயிற்றுக்கிழமை. நீ கூப்பிட்டாய். போன் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, மணி அடித்ததும் அவள் திரும்பினாள், கண்ணெல்லாம் விரிந்து, சுடுநாய், சுடுநாய் என்று உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் நான் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, வயரை இழுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவேன். முந்தின வாரம் நீ, பின்னாடி யாருப்பா கத்தறாங்க என்று கேட்டாய், மாடி வீட்டு டிவி என்று சொன்னேன். இந்த ஞாயிறும் அப்படியே ஏதோ பேசி அனுப்பிவிட்டு உள்ளே வந்து போனை வைத்தேன். அவள் இடது கையை நீட்டி அந்த ரிசீவரை எடுத்தாள். காதில் வைத்துக்கொண்டாள், நீ வைத்துவிட்ட போன், உள்ளே வெறும் சத்தம்தான், அதற்குள் மெதுவாக, கெஞ்சுகிற குரலில் சுடுநாய் என்றாள். அப்போதுதான் எனக்கு அந்த மதியம் ஞாபகம் வந்தது. டெப்போ குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருந்தபோது நான் ஜுரத்தில் படுத்திருந்த ஒரு மதியம், அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே மைதானத்தைப் பார்த்து, சுடுநாய், ஏ சுடுநாய் என்று கூப்பிட்டாள். அடுப்பில் அன்றைக்கு ஒன்றுமே இல்லை, வெறும் ரசமும் சாதமும்தான். வந்துட்டேம்மா என்று கத்திக்கொண்டு படியேறி ஓடிவந்தது நீ. மற்ற நாள்களில் நான் ஷிப்டில் இருப்பேன், அவள் உன்னை எப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ ஒரு தடவை பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் உனக்கு என்றைக்கோ புரிந்திருக்கும், உன்னிடம் நான் டிவி என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நானாகவே உன்னைக் கூப்பிட்டேனே, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தேனே, இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன், போனில் சொல்வது என்னால் ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மூன்று நாளாக எழுதுகிறேன், அவள் விழித்தால் காகிதத்தை மூடிவைத்துவிட்டுப் போகிறேன். பக்கவாதம் இன்னொரு தடவை வரலாம், வந்தால் இந்த ஒரு வார்த்தையும் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், எப்போது என்று அவருக்கும் தெரியாது. கிளம்பி வா என்று எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது, வராதே அந்த எட்டு மாதத்தை முடி என்று எழுதவும் எனக்குத் தெரியும், இரண்டையும் எழுதப் போவதில்லை. உனக்குப் பதிலாக நான் ஒரு தடவை முடிவு பண்ணி உங்கள் இரண்டு பேருடைய இரண்டு மாதத்தையும் தொலைத்துவிட்டேன், இனிமேல் நீயே யோசித்துச் செய். என் மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், நான் எங்கேயும் ஓடிவிடப் போவதில்லை.

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். கைக்குக் கிடைத்த அன்றைக்கே கூப்பிடு, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று இருக்காதே. முகம் தெரிகிற போனைப் பீரோவிலிருந்து எடுத்து சார்ஜில் போட்டிருக்கிறேன், அதிலேயே கூப்பிடு, வாய் கொஞ்சம் இழுத்திருக்கும், அவ்வளவுதான், மற்றபடி உன் அம்மா அப்படியேதான் இருக்கிறாள். நான் பேச மாட்டேன், எடுத்து அவள் முன்னால் பிடித்துக்கொள்வேன், அவள் உன்னைக் கூப்பிடுவாள். கண்ணு, வேளைக்குச் சாப்பிடு, வெறும் ரொட்டியும் காபியுமாக நாளை ஓட்டாதே, வேலை முடிந்து தனியாக வரும்போது ஜாக்கிரதையாக வா. நீ எந்த முடிவு எடுத்தாலும் எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் உனக்கு உண்டு, நீ நன்றாக இருப்பாய். ஒன்றே ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அவள் கூப்பிட்டதும் பழைய பழக்கத்தில் வந்துட்டேம்மா என்று உன் வாயில் வந்துவிடும். நிஜமாக வருவதாக இருந்தால் மட்டும் அதைச் சொல். பேச்சுதான் போயிற்றே தவிர அவளுக்கு எல்லாம் புரிகிறது, நீ சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

இப்படிக்கு,
உன் அப்பா